படிவத்தின் மறுபக்கம்: இளைஞர்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். தலைவலி, வயிற்றுவலி, படபடப்பு, தூக்கம் வரவில்லை என்று 20 வயதைத் தாண்டிய பிள்ளைகள் உங்களிடம் வருகிறார்கள். எடுத்த பரிசோதனை எல்லாம் நார்மல் என்று வரும். ஆனால் வலி மட்டும் போகாது. அப்படி வந்தவர்களில் நானும் ஒருவன். அப்போது எனக்கு வயது 22.

மூன்றாவது முறை போனபோது வரவேற்பில் ஒரு படிவத்தை நீட்டினார்கள். அட்டையில் செருகி, நூலில் கட்டிய பேனாவோடு. பத்துக் கேள்விகள். 18 வயதுக்குள் வீட்டில் உங்களை அடித்தார்களா, அவமானப்படுத்தினார்களா, யாராவது குடித்தார்களா, அம்மா அடி வாங்கியதைப் பார்த்தீர்களா, பெற்றோர் பிரிந்தார்களா, வீட்டில் யாராவது சிறைக்குப் போனார்களா. ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் பூஜ்யம். பக்கத்து நாற்காலியில் ஆள் இருந்ததால் முழங்கையால் மறைத்துக்கொண்டே டிக் போட்டேன். டாக்டர் வாங்கிக் கூட்டிப் பார்த்தார். வலது மேல் மூலையில் பென்சிலால் 5 என்று எழுதி வட்டம் போட்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்து "ஓ" என்றார். தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்து ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். தாளை அவர் கோப்பில் வைக்கத் திருப்பியபோது பார்த்தேன். மறுபக்கம் வெள்ளையாக இருந்தது.

அந்த வெள்ளைப் பக்கத்தைப் பற்றிப் பேசத்தான் இதை எழுதுகிறேன்.

அன்று ராத்திரி, தூக்கம்தான் வராதே, அந்தப் பத்துக் கேள்விகள் எங்கிருந்து வந்தன என்று தேடினேன். 1980களில் அமெரிக்காவின் சான் டியாகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற டாக்டர் உடல் பருமனுக்கு ஒரு சிகிச்சைத் திட்டம் நடத்தினார். எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுபோனார்கள். ஏன் என்று புரியாமல் அவர்களைக் கூப்பிட்டுப் பேசியபோது, பலர் குழந்தைப் பருவத்தில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. நாம் நோய் என்று நினைக்கிற பருமன், அவர்களில் பலருக்கு ஒரு பாதுகாப்பாக இருந்திருக்கிறது. அதிலிருந்துதான் ராபர்ட் ஆண்டா என்ற ஆய்வாளரும் ஃபெலிட்டியும் சேர்ந்து 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் அவர்களுடைய சிறுவயதைப் பற்றிக் கேட்ட ஆய்வு பிறந்தது. 1998இல் முதல் கட்டுரை வந்தது. நான்கும் அதற்கு மேலும் 'ஆம்' சொன்னவர்களுக்குக் குடிப்பழக்கம், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம், ஒன்றுகூட இல்லாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு வரை அதிகம். 2017இல் 37 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோதும் கிட்டத்தட்ட அதே கதைதான். பருமன், சர்க்கரை நோயோடு தொடர்பு கொஞ்சம். புகை, இதய நோயோடு நடுத்தரம். போதைக்கும், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதற்கும் மிக அதிகம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. 2009இல் வந்த ஒரு கட்டுரை கண்ணில் பட்டது: ஆறும் அதற்கு மேலும் இருந்தவர்கள் சராசரியாகக் கிட்டத்தட்ட 20 வருடம் முன்னதாகவே இறந்தார்களாம். என் மார்க் ஐந்து. ஒரு மார்க்கில் தப்பித்தேன் என்று நினைத்துச் சிரித்ததும், சிரித்து முடிப்பதற்குள் அழுததும் ஞாபகம் இருக்கிறது. அந்த 20 வருடக் கணக்கு, ஆய்வுக் காலத்துக்குள் இறந்துபோனவர்களின் வயதை வைத்துப் போட்டது, அதை எடுத்து யாரும் தன் ஆயுளிலிருந்து கழித்துக்கொள்ள முடியாது என்று எனக்கு விளங்க இன்னும் சில வருடங்கள் ஆயின. 22 வயதுப் பையன் ராத்திரி மூன்று மணிக்கு அதையெல்லாம் யோசிப்பானா?

சரி, உங்கள் படிவம் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. கேட்டதே பெரிய விஷயம். அதற்கு முன்னால் என்னைப் பார்த்த இரண்டு பேரும் பரீட்சை டென்ஷனா, காதல் தோல்வியா என்று கேட்டதோடு சரி. என் உடம்புக்குள் என்ன நடந்தது என்பதற்கு முதல் விளக்கம் அந்தப் பத்துக் கேள்விகளிலிருந்துதான் கிடைத்தது.

எங்கள் வீட்டில் ராத்திரி எப்படிப் போகும் என்பதைச் சாவி சொல்லிவிடும். அப்பாவின் சாவி ஒரே தடவையில் பூட்டுக்குள் போனால் நல்ல நாள். பூட்டைச் சுற்றிச் சுரண்டிக்கொண்டே இருந்தால், தங்கையை எழுப்பிப் பின்னறைக்குக் கூட்டிப்போய்விடுவேன். அவள் பாதித் தூக்கத்தில் நடப்பாள். ஆறு வயதிலிருந்து பதினேழு வரை அந்தச் சத்தத்துக்காகக் காது திறந்தே இருந்தது. பிறகு வேறு ஊர், வேறு கட்டடம், விடுதியில் தனி அறை. எதிர் அறைக்காரன் சாவி போட்டால் என் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அவன் பாவம், நல்லவன்.

இதில் மர்மம் ஒன்றுமில்லை என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஆபத்து என்றால் அட்ரினலின் சுரக்கிறது, பின்னாலேயே கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோனும் வருகிறது. நெஞ்சு வேகமாக அடிக்கிறது, வயிறு தன் வேலையை ஒத்திப்போடுகிறது, கண் மூட மறுக்கிறது. ஆபத்து போனதும் எல்லாம் தணிய வேண்டும். வருடக்கணக்கில் தணிய இடமே கொடுக்காவிட்டால், அந்த விழிப்பே உடம்பின் வழக்கம் ஆகிவிடுகிறது. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்து பார்த்துவருகிறார்கள். அவர்களில் சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களின் ரத்தத்தில், 32 வயதிலும் அழற்சியின், அதாவது உடம்பின் தற்காப்பு விழித்தேயிருப்பதன், அடையாளங்கள் கூடுதலாக இருந்தன. அடி விழுந்து இருபது வருடம் ஆன பிறகு.

ஆனால், டாக்டர், அந்த 5 என்ற எண்ணுக்குள் நான் முழுதாக இல்லை.

எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி ஒரு தாத்தா இருந்தார். உறவெல்லாம் இல்லை. பழைய ரேடியோ, கடிகாரம், மின்விசிறி என்று எதைக் கொடுத்தாலும் பிரித்துப் பழுது பார்ப்பார். பார்வை மங்கத் தொடங்கியிருந்ததால் டார்ச் பிடிக்க ஆள் வேண்டும். ஒன்பது வயதில் அந்த வேலை எனக்குக் கிடைத்தது. சாயங்காலம் ஆறு மணி, தினமும். "லைட்டை ஆட்டாதடா" என்பதுதான் அவர் அதிகமாகச் சொன்ன வார்த்தை. ஈயத்தை உருக்கி வைத்ததும் அது கொஞ்ச நேரம் கண்ணாடி மாதிரி மின்னும். அந்த நேரத்தில் ஊதக் கூடாது, அசைக்கவும் கூடாது. தானாக ஆற வேண்டும். அவசரப்பட்டு அசைத்தால் மங்கிப்போய், ஒட்டின மாதிரி இருக்கும், ஆனால் ஒரு மாதத்தில் விட்டுப்போகும். அந்தச் சில விநாடிகள் நாங்கள் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்போம்.

என் வீட்டைப் பற்றி அவர் ஒருநாளும் கேட்டதில்லை. தெருவுக்கே கேட்ட சத்தம், அவருக்குக் கேட்காமலா இருந்திருக்கும்? ஒருமுறை காய்ச்சலில் இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் போனபோது மேசையில் அதே ரேடியோ, திறந்தபடியே கிடந்தது. "நீ இல்லாம எப்படிச் செய்யறது, அப்படியே வச்சிருக்கேன்" என்றார். எனக்காக ஒரு வேலை காத்திருந்தது என்பதை அன்று முழுக்கத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டே இருந்தேன்.

உங்கள் படிவத்தில் இந்தத் தாத்தாவை எழுத ஒரு கட்டமும் இல்லை.

இது என் ஒருவனுடைய நெகிழ்ச்சிக் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஹவாயில் கவாய் என்ற தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு வறுமை, வீட்டுச் சண்டை, பெற்றோரின் குடி அல்லது மனநோய் என்று பல சுமைகள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. அந்தச் சுமைக்காரப் பிள்ளைகளிலும் மூன்றில் ஒருவர் நல்ல மாதிரியாக, தன் காலில் நிற்கிற, அடுத்தவர்மேல் அக்கறையுள்ள இளைஞராக வளர்ந்தார். அவர்களிடம் பொதுவாக இருந்தவற்றில் ஒன்று, பெற்றோர் இல்லாவிட்டாலும் பாட்டியோ, அக்காவோ, ஆசிரியரோ, அக்கம்பக்கத்தவரோ, யாராவது ஒருவர் நிலையாகக் கூட இருந்தது. இன்னொன்றும் அந்த ஆய்வில் உண்டு, எனக்கு அதுதான் அதிகம் பிடித்தது: 18 வயதில் தடுமாறிக்கொண்டிருந்தவர்களில் பலர் முப்பதுகளில் எழுந்து நின்றுவிட்டார்கள்.

கெட்டதைக் கேட்க அளவுகோல் வந்து இருபது வருடம் கழித்துத்தான் நல்லதைக் கேட்கவும் அளவுகோல்கள் வந்தன. 2018இல் ஏஞ்சலா நாராயணும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்டதில் பத்துக் கேள்விகள். பாதுகாப்பாக உணரவைத்த ஒருவர் வீட்டில் இருந்தாரா, ஒரு நல்ல நண்பனாவது இருந்தானா, அக்கறை காட்டிய ஆசிரியர் உண்டா, நல்ல அண்டைவீட்டார் உண்டா. வீட்டில் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் ஒரு நேரம் இருந்ததா என்றுகூட ஒரு கேள்வி. முதலில் படித்தபோது இதெல்லாம் ஒரு கேள்வியா என்று தோன்றியது. அப்புறம்தான் உறைத்தது: அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பதே எங்கள் வீட்டில் கிடைக்காத பொருள். ஆறு மணி டார்ச் வேலைதான் என் நாளில் நேரம் தவறாமல் நடந்த ஒரே காரியம்.

2019இல் கிறிஸ்டினா பெத்தல் குழுவினர் விஸ்கான்சின் மாநிலத்தில் 6,188 பெரியவர்களின் பதில்களை எடுத்துப் பார்த்தார்கள். மனதில் உள்ளதை வீட்டில் சொல்ல முடிந்தது, கஷ்டத்தில் குடும்பம் கூட நின்றது, பள்ளியில் 'நம்ம இடம்' என்று தோன்றியது, பெற்றோர் அல்லாத இரண்டு பெரியவர்களாவது உண்மையான அக்கறை காட்டினார்கள் என்பது போன்ற ஏழு நல்ல அனுபவங்கள். அதில் இரண்டோ அதற்குக் குறைவாகவோ கிடைத்தவர்களில் 48 சதவீதம் பேருக்கு மனச்சோர்வோ மோசமான மனநிலையோ இருந்தது. ஆறோ ஏழோ கிடைத்தவர்களில் 13 சதவீதத்துக்கும் குறைவு. கெட்ட அனுபவங்களின் எண்ணிக்கையைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வித்தியாசம் நின்றது. அதாவது நல்லது என்பது கெட்டது இல்லாமல் போவது மட்டும் கிடையாது. அதற்கெனத் தனி எடை இருக்கிறது. ஒரே பிள்ளையின் வாழ்க்கையில் சாவிச் சத்தமும் இருக்கலாம், டார்ச் வெளிச்சமும் இருக்கலாம்.

நீங்கள் மறுக்கக்கூடியது எதுவென்று தெரியும். இதெல்லாம் ஞாபகத்திலிருந்து சொல்வது, மனம் சோர்ந்திருப்பவனுக்குப் பழசெல்லாம் இருட்டாகத்தான் தெரியும். நியாயம்தான். குழந்தைப் பருவத்திலேயே பதிவானதையும் வளர்ந்த பிறகு அவரவர் சொன்னதையும் ஒப்பிட்ட ஆய்வுகளை 2019இல் தொகுத்தார்கள். கொடுமை பதிவாகியிருந்தவர்களில் பாதிக்கு மேல் பின்னாளில் அதைச் சொல்லவில்லை. சொன்னவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பதிவு இல்லை. இரண்டும் பெரும்பாலும் வெவ்வேறு கூட்டம். அதனால்தான் கேட்கிறேன், ஒரு தனி ஆளின் தலையில் எண்ணை எழுதி வட்டம் போடுவதில் என்ன அர்த்தம்? அந்தக் கேள்விகளை உண்டாக்கியவர்களில் ஒருவரான ஆண்டாவே 2020இல், இந்த எண் மக்கள்தொகையைப் பற்றிப் பேச உதவும், ஒருவருடைய அபாயத்தைக் கணிக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதிவிட்டார். இரண்டு பேருக்கும் 5 என்றால், ஒருவன் அந்த ஐந்தை ஒரு வருடம் பட்டிருப்பான், இன்னொருவன் பதினைந்து வருடம் பட்டிருப்பான்.

மறுபக்கம் நல்லதை எழுதச் சொல்கிறேன் என்பதற்காக அதையும் கூட்டிக் கழித்துவிடாதீர்கள். "கெட்டது ஐந்து, நல்லது ஆறு, அப்போ லாபம்தான்" என்று அனுப்பிவைக்கிற நாள் வந்தால் பழைய படிவமே தேவலை. "உனக்கு நல்லவங்க கிடைச்சாங்களே, நல்லாப் படிச்சிட்டே, அப்புறம் என்ன?" என்பதை நான் நிறையக் கேட்டாயிற்று. 2013இல் ஜீன் புரோடி என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் வெளியிட்ட ஒரு கட்டுரையை நீங்கள் படித்திருப்பீர்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக் கிராமப்புறங்களில் வறுமையில் வளர்ந்த கறுப்பினப் பிள்ளைகள். பதின்வயதைத் தொடுமுன் ஆசிரியர்கள் 'கெட்டிக்காரர், பொறுப்பானவர்' என்று மதிப்பிட்ட பிள்ளைகள் 19 வயதில் மனதளவில் நன்றாகத்தான் இருந்தார்கள். ஆனால் அவர்களில் அதிகச் சுமையோடு வளர்ந்தவர்களின் ரத்த அழுத்தமும் அழுத்த ஹார்மோன்களும் உடல் எடையும் வேறு கதை சொல்லின. வெளியே தேறியவர்கள் போலத் தெரிந்தாலும் உள்ளே உடம்பு விலை கொடுத்துக்கொண்டிருந்தது. ஆக, உங்கள் முன்னால் நேராக உட்கார்ந்து, மரியாதையாகப் பேசி, நல்ல மதிப்பெண் வாங்குகிற பிள்ளையின் ரத்த அழுத்தத்தையும் தயவுசெய்து பாருங்கள். தங்கையைப் பின்னறைக்குக் கூட்டிப்போன பிள்ளை பெரும்பாலும் அப்படித்தான் உட்காரும்.

நேரம் இல்லை என்பீர்கள். வெளியே வரிசை நிற்பது எனக்கும் தெரியும், அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன். ஒரே ஒரு கேள்வி போதும்: "சின்ன வயசுல உனக்குன்னு யார் இருந்தாங்க?" இதற்குப் பதில் சொல்ல யாரும் முழங்கையால் தாளை மறைக்க மாட்டார்கள். யாரும் இல்லை என்று வந்தால், அந்தப் பதில் எந்த எண்ணைவிடவும் உங்களுக்கு உதவும். கெட்டதைக் கேட்டே ஆக வேண்டும் என்றால் வரவேற்பறையில் வைத்துக் கேட்காதீர்கள், கூட வந்த பெற்றோர் முன்னால் கேட்கவே கேட்காதீர்கள். "சொல்ல வேண்டாம்னு தோணினா விட்டுடலாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். புகை பிடிக்கிறான், குடிக்கிறான் என்றால் திட்டுவதற்கு முன் அது அவனுக்கு எதற்குப் பயன்படுகிறது என்று கேளுங்கள். எனக்கு அது தூங்குவதற்கு.

வாயால் சொல்ல வராதவர்களும் இருப்பார்கள். 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களிடம், நான்கு நாட்கள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், மனதைப் பாதித்த நிகழ்ச்சியைப் பற்றி எழுதச் சொன்னார். நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. பின்னால் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் பலன் சிறியதுதான், எல்லோருக்கும் பொருந்தவும் இல்லை. இருந்தாலும் ஒரு பேனாவும் காகிதமும்தானே. ஆனால் அதைக் கொடுத்துவிட்டுக் கைகழுவிவிடக் கூடாது.

இதை ஏன் குறிப்பாக உங்களுக்கு எழுதுகிறேன், பள்ளிக்கோ பெற்றோருக்கோ எழுதலாமே என்று கேட்கலாம். அவர்களுக்கும் யாராவது எழுதட்டும். 22 வயதில் வகுப்பாசிரியர் இல்லை, பக்கத்து வீட்டுத் தாத்தா இல்லை, வீட்டைவிட்டு வந்தாகிவிட்டது. குழந்தை மருத்துவர் "இனி நீ பெரியவன்" என்று அனுப்பிவிட்டார். வாழ்நாளில் வரக்கூடிய மனநோய்களில் முக்கால்வாசி 24 வயதுக்குள் தலைகாட்டிவிடுகின்றன என்று 2005இல் வெளியான அமெரிக்கக் கணக்கெடுப்பு சொல்கிறது. மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது. அந்த வயதில் கதவைத் திறந்து உள்ளே வந்து எதிரே உட்கார்கிற ஒரே பெரியவர், பல பேருக்கு, நீங்கள்தான்.

எனக்கு அப்படி ஒருவர் கிடைக்க 26 வயது ஆயிற்று. வேறு ஊர், வேறு டாக்டரம்மா. தலைவலி என்றுதான் போனேன். பழைய படிவத்தின் பிரதி என் கோப்பில் இருந்தது. மூலையில் வட்டம் போட்ட 5ஐப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. தாளைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தை மேலே வைத்துக்கொண்டு, "வீட்டுக்கு வெளியே யாராவது இருந்தாங்களா?" என்றார். நான் ஈயத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். ஏன் ஊதக் கூடாது என்பதிலிருந்து. எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியவில்லை, நர்ஸ் இரண்டு தடவை கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார். டாக்டரம்மா இரண்டு வரி எழுதிக்கொண்டார்.

அப்புறம், "இப்போ யார் இருக்காங்க?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. அவர் 'இப்போது' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு இழுத்து, அதைக் காலியாகவே விட்டார். "பரவாயில்லை, அடுத்த தடவை பார்க்கலாம்" என்றார். அந்தக் கோட்டில் ஒரு பெயர் எழுத எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. எழுதியது தங்கையின் பெயரை.

இப்படிக்கு,
உங்கள் பழைய நோயாளிகளில் ஒருவன்